கர்ப்பிணியின் இடுப்பைக் கட்டிக்காக்கும் தசைகள்

(கர்ப்பிணித் தாய்மார்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் கூடியிருந்த அரங்கில், இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று வயிற்றைத் தாங்கியபடி வந்திருக்கிற தங்கைகளிடம் முதலில் ஒரு வேண்டுகோள். நான் பேசி முடிக்கும்வரை ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். இடுப்பு கடுத்தால் எழுந்து நில்லுங்கள். பின்னால் போய் நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். சுவரோரம் நின்றபடி கேட்டாலும் சரிதான்.

கர்ப்பிணிகள் என்னிடம் வந்து சொல்கிற வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். "ராத்திரி புரண்டு படுக்க முடியலை மேடம்." "பாவாடைக்குள்ள கால் விட ஒத்தக் கால்ல நிக்க முடியலை." "படி ஏறினா தொடை இடுக்குல சுருக்குனு இழுக்குது." "கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்தா முதல் எட்டு வைக்கவே முடியலை." உங்களில் பல பேர் தலையாட்டுகிறீர்கள். இதையே வீட்டில் சொன்னால் என்ன பதில் வருகிறது? "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்மா இருக்கும், பொறுத்துக்கோ." சொல்கிறவர்கள் நம் அம்மாவும் மாமியாரும். அவர்களும் இந்த வலியைப் பொறுத்துக்கொண்டு பெற்றவர்கள்தான். அந்தப் பதிலில் அன்பு இருக்கிறது, வைத்தியம் இல்லை. வைத்தியம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த வலியை இடுப்பு வளைய வலி என்று மருத்துவத்தில் தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், வாயால் சொல்வதைவிட விரலை வைத்துக் காட்டச் சொல்வேன். இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குக் கீழே, பிட்டத்தின் மடிப்புக்கு மேலே, முதுகின் அடியில் இரண்டு பக்கமும் குழி விழுகிற இடத்தை ஒட்டி விரல் போனால், அது இடுப்பு வளைய வலியாக இருக்கலாம். முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே நடு எலும்பில் விரல் வைத்தாலும் அதுவேதான். அதற்கு மேலே, இடைக்கு நேராக வலித்தால் அது நாம் வழக்கமாகச் சொல்லும் கீழ்முதுகு வலி. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல என்பதால் இந்த வேறுபாடு முக்கியம். 2008-இல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி இருக்கிறது. டென்மார்க்கில் ஓடென்ஸ் நகரில் ஹன்னே ஆல்பர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 2,269 கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோதும் அதே கணக்குத்தான் வந்தது. முன்பே முதுகுவலி இருந்தவர்களுக்கும், விழுந்தோ விபத்திலோ இடுப்பில் அடிபட்டவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றை நம் பரிசோதனை நாட்களில் ஒரு கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இடுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் பயிற்சிகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

இடுப்பு ஒரு வளையம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய எலும்புகள். பின்னால் அவற்றின் நடுவே, மேலே அகன்று கீழே குறுகும் முக்கோண எலும்பு. உடற்கூற்று நூல்களில் அதைத் திருவெலும்பு என்பார்கள். அதன் நுனியில் வால் எலும்பு. பின்பக்கம் இரண்டு மூட்டு, முன்பக்கம் ஒரு மூட்டு. தலை, மார்பு, கைகள், வயிறு ஆகிய எல்லாவற்றின் எடையும் முதுகெலும்பு வழியாக இறங்கித் திருவெலும்புக்கு வருகிறது. அங்கே இரண்டாகப் பிரிந்து, பின்மூட்டுகள் வழியாகக் கால்களுக்குப் போகிறது. இரண்டு காலில் நிற்கும்போது சுமை இரண்டு பக்கமும் பகிர்ந்துபோகும். ஒரு எட்டு எடுத்து வைக்கும் அந்தக் கணத்தில் முழுச் சுமையும் ஒரே பக்கத்து மூட்டு வழியாக இறங்கியாக வேண்டும். படியேறுவது, பேருந்தில் ஏறுவது, ஒற்றைக் காலில் நின்று உடுத்துவது எல்லாமே இப்படிப்பட்ட கணங்கள்தான். நீங்கள் சொல்கிற வலிகள் ஏன் அந்த நேரங்களிலேயே வருகின்றன என்பது இப்போது விளங்கும்.

இந்தப் பின்மூட்டுகள் அசைவது சில டிகிரி மட்டுமே. தோள்பட்டை போலச் சுழலவோ முழங்கால் போல மடங்கவோ அவை உண்டானவை அல்ல. சுமையைக் கைமாற்றிவிடுவதுதான் அவற்றின் வேலை. 1990-ஆம் ஆண்டு வாக்கில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் ஆண்ட்ரி ஃப்ளேமிங், கிறிஸ் ஸ்னைடர்ஸ் ஆகியோர் இந்த மூட்டு எப்படி நழுவாமல் நிற்கிறது என்பதை விளக்கினார்கள். எலும்புகளின் வடிவமே ஓரளவு பிடித்துக்கொள்கிறது. மேடு பள்ளமான பரப்புகள் ஒன்றோடு ஒன்று பொருந்தி நிற்கின்றன. ஆனால் அது மட்டும் போதாது. தசைகளும் தசைநார்களும் இரண்டு பக்கமிருந்தும் இழுத்து அழுத்தினால்தான் மூட்டு உறுதியாகிறது. வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோலை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் மேலே போட்ட கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் பாரம் குலுங்காமல் ஊர் போய்ச் சேரும். இடுப்பில் அந்தக் கயிறு வேலையைச் செய்பவை தசைகள்.

கர்ப்ப காலத்தில் என்ன நடக்கிறது? குழந்தை வெளியே வர வழி வேண்டும். அதற்காக உடம்பு இடுப்பின் இணைப்புகளைத் தளர்த்துகிறது. 1926-இல் ஃபிரெடெரிக் ஹிசா என்ற அமெரிக்க ஆய்வாளர் சினையாயிருந்த கினியா பன்றிகளின் இரத்தத்தில் இந்த வேலையைச் செய்யும் பொருள் இருப்பதைக் கண்டார். அதைத்தான் இன்று ரிலாக்சின் என்கிறோம். சாதாரண நேரத்தில் முன்மூட்டின் இடைவெளி 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். கர்ப்பத்தில் அது மேலும் 2, 3 மில்லிமீட்டர் விரிகிறது. கூடவே எடை பத்துப் பன்னிரண்டு கிலோ ஏறுகிறது, அதுவும் பெரும்பாலும் முன்பக்கமாக. அடிவயிற்றுத் தசைகள் நீண்டு மெலிகின்றன. முன்னால் சாயும் உடம்பைச் சமன் செய்யக் கீழ்முதுகு வளைகிறது.

இந்த வளைவைப் பற்றி 2007-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கேத்தரின் விட்கம் என்ற மானிடவியலாளரும் அவருடைய சகாக்களும் எழுதியது. கீழ்முதுகின் வளைவுக்கு இடம் கொடுக்கும் விதமாக ஆப்பு வடிவில் அமைந்த முள்ளெலும்புகள் ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு மூன்று என்று அவர்கள் காட்டினார்கள். ஏறக்குறைய இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய நம் மூதாதைகளின் எலும்புகளிலும் இந்த வேறுபாடு தெரிகிறதாம். நிமிர்ந்து நடந்துகொண்டே பிள்ளையைச் சுமக்க வேண்டும் என்பதற்காக அத்தனை காலத்துக்கு முன்பே பெண்ணின் முதுகு தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி நடந்து வருவதைப் பார்த்தால் எனக்குள் ஒரு மரியாதை எழுகிறது. உங்கள் உடம்பு நடப்பதற்கென்றே ஆயத்தமான உடம்பு.

அப்படியென்றால் எல்லோருக்கும் இணைப்புகள் தளர்கின்றன, சிலருக்கு மட்டும் ஏன் வலிக்கிறது? ரிலாக்சின் அதிகமாகச் சுரக்கிறவர்களுக்குத்தான் வலி அதிகம் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் இரத்தத்தில் அளந்து பார்த்த ஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை. ரோட்டர்டாமில் 2001-இல் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மூட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைவிட, இடது மூட்டும் வலது மூட்டும் வெவ்வேறு அளவில் தளர்ந்திருப்பதுதான் வலியோடு சேர்ந்து காணப்பட்டது. ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்வு. நம் வீட்டு வேலைகள் எத்தனை ஒருபக்கமானவை என்று யோசித்துப் பாருங்கள். மூத்த பிள்ளையை எப்போதும் இடது இடுப்பில்தான் வைத்துக்கொள்கிறோம். தண்ணீர்க் குடமும் அதே இடுப்பில்தான். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகத் திரும்பி உட்காருகிறோம். தளர்ந்த வளையத்துக்கு இந்த ஒருபக்கச் சுமை நல்லதல்ல.

வலி இருப்பவருக்கு நாங்கள் ஒரு எளிய சோதனை செய்வோம். மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கச் சொல்வோம். எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று 0-இலிருந்து 5 வரை அவரே மதிப்பெண் சொல்ல வேண்டும். பிறகு இடுப்பின் இரண்டு பக்கத்தையும் என் கைகளால் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கச் சொல்வேன். "இப்ப லேசா இருக்கு மேடம்" என்று வியந்து சொன்னவர்கள் பலர். கால் வலுவிழக்கவில்லை, காலுக்கு அடித்தளமான வளையத்தைச் சேர்த்துப் பிடிக்கும் வேலைதான் குறைந்திருக்கிறது என்பது அந்தக் கணத்திலேயே இருவருக்கும் புரிந்துவிடும். என் கை செய்ததை அவருடைய தசைகள் செய்யக் கற்றுக்கொடுப்பதுதான் இடுப்பை உறுதிப்படுத்தும் பயிற்சி.

எந்தத் தசைகள்? வயிற்றின் அடியாழத்தில் இடையைச் சுற்றிக் கச்சை போல ஓடும் குறுக்குத் தசை. முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள். மேலே மூச்சை இயக்கும் உதரவிதானம். கீழே இடுப்பின் வாயில் விரிந்து கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள். இவற்றுக்கு வெளியே பிட்டத் தசைகளும் தொடையின் உள்பக்கத் தசைகளும். 1996-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும், முதுகுவலி இல்லாதவர் கையைத் தூக்கும்போது கை அசைவதற்கு முன்பே அந்தக் குறுக்குத் தசை விழித்துக்கொள்கிறது என்றும், வலி உள்ளவர்களிடம் அது தாமதமாக விழிக்கிறது என்றும் கண்டார்கள். ஒரே ஒரு தசைக்கு அவ்வளவு பெருமை தரலாமா என்று பின்னால் வாதங்கள் எழுந்தன, அவை நியாயமான வாதங்களும்கூட. ஆனால் ஒரு பாடம் நிலைத்துவிட்டது. இந்தப் பயிற்சியில் முக்கியம் முரட்டு வலு அல்ல, சரியான நேரத்தில் மெல்லப் பிடிப்பது. அதனால்தான் கர்ப்பிணியால் இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது.

பலன் உண்டா? ஸ்வீடனில் ஹெலன் எல்டன் குழுவினர் இடுப்பு வளைய வலி உள்ள 386 கர்ப்பிணிகளை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2005-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனையும் இடுப்புப் பட்டையும். இரண்டாம் பிரிவுக்கு அதோடு அக்குபங்சர். மூன்றாம் பிரிவுக்கு அதோடு உறுதிப்படுத்தும் பயிற்சி. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மற்ற இரண்டு பிரிவினருக்கும் வலி குறைந்தது. அக்குபங்சர் பெற்றவர்களுக்குச் சில அளவுகளில் பயிற்சியைவிடக் கூடுதலாகவே குறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 34 ஆய்வுகளை, 5,121 கர்ப்பிணிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி கீழ்முதுகு வலியைக் குறைக்கிறது, முதுகும் இடுப்பும் சேர்ந்து வலிக்கும் நிலை வருவதைத் தடுக்க உதவுகிறது என்றது. இடுப்பு வலி மட்டும் தனியாக இருக்கும்போது பலன் அவ்வளவு தெளிவாக இல்லை என்றும் சொன்னது. ஆகவே, பத்து நாள் செய்தால் வலி பறந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். எல்லோருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. நெதர்லாந்தில் பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலி இருந்த பெண்களிடம் காணொளி நாடாவைக் கொடுத்து, உடம்பைக் குறுக்காக முறுக்கும் பயிற்சிகளை வீட்டிலேயே செய்யச் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டு முடிவு வந்தது: பயிற்சி செய்யாதவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. சிலர் வலி கூடி நிறுத்திவிட்டார்கள். இன்று உங்கள் கைபேசியில் நூறு யூடியூப் காணொளிகள் இருக்கின்றன. செய்து காட்டும் பெண்ணுக்கு வலி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்து, எது பொருந்தும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஒருமுறையாவது மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அருகிலோ உள்ள இயன்முறை மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி பயிற்சிகள். எல்லாவற்றுக்கும் அடிப்படை மூச்சு. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கையை அடிவயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு தளர்ந்து கையை நிரப்பட்டும். மூச்சை மெல்ல விடும்போது, குழந்தையைக் கட்டிக்கொள்வதாக எண்ணி அடிவயிற்றை இலேசாக உள்ளே இழுங்கள். முதுகு வளையக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. முழுப் பலத்தில் கால் பங்கு போதும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். எட்டு முதல் பத்து முறை. இது கைவந்த பிறகு உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், குடத்தைத் தூக்குவதற்கு முன், தும்முவதற்கு முன் என்று அந்தப் பிடிப்பை அன்றாட வேலைக்குள் கொண்டுவந்துவிட்டால் பயிற்சிக்கென்று தனி நேரமே குறைவாகத்தான் தேவைப்படும்.

அடுத்து இடுப்புத்தளம். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்க முயன்றால் எந்தத் தசை உள்ளேயும் மேலேயும் இழுபடுமோ, அதுதான் அந்தத் தசை. அதை மேலே இழுத்து, ஆறிலிருந்து எட்டு எண்ணும்வரை பிடித்து, பிறகு முழுவதுமாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. பிட்டத்தை இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம். 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதியதால் இதற்குக் கெகல் பயிற்சி என்று பெயர் வந்தது.

முட்டிபோட்டுக் கைகளை ஊன்றி, முதுகை மெல்ல மேலே வளைத்து, பிறகு சமநிலைக்குக் கொண்டுவரலாம். குழந்தையின் பாரம் முதுகிலிருந்து கொஞ்ச நேரம் இறங்குவதால் இதைச் செய்யும்போதே பலர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அது பழகிய பின், அடிவயிற்றின் பிடிப்பு விலகாமல் ஒரு கையை மட்டும் நீட்டுங்கள். அப்புறம் எதிர்ப்பக்கக் காலை. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து மெல்ல அழுத்துங்கள். முன்மூட்டில் வலி உள்ளவர்களுக்கு இது இதம் தருவதைப் பார்த்திருக்கிறேன், வலி கூடினால் விட்டுவிடுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்கள் ஒட்டியபடி மேல்முழங்காலை மட்டும் சிறிது திறப்பது பிட்டத்தின் பக்கத் தசைக்கு. முன்மூட்டு வலிப்பவர்கள் இதை மிகச் சிறிதாகவே திறக்க வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுத்துப் பயிற்சி செய்ய வேண்டாம். கருப்பை பெரிய சிரையை அழுத்துவதால் தலைசுற்றல் வரும். அப்படி வந்தால் உடனே இடதுபக்கம் திரும்பிப் படுங்கள்.

பயிற்சி செய்கிற அரை மணி நேரத்தைவிட மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் பெரியது. படுக்கையில் புரளும்போது இரண்டு முழங்கால்களையும் சேர்த்து மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும். உடுத்தும்போது உட்கார்ந்து உடுத்துங்கள். வலி இருக்கும் நாட்களில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுங்கள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது இரண்டு கால்களையும் சேர்த்து வெளியே திருப்பி, பிறகு எழுந்திருங்கள். மூத்த பிள்ளை தூக்கச் சொல்லி அழுதால், நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இடுப்புப் பட்டை சிலருக்கு உதவும். தொடையெலும்பு பக்கவாட்டில் புடைக்கும் இடத்துக்குச் சற்று மேலே கட்ட வேண்டும், வயிற்றின் மேல் கட்டக் கூடாது. நடக்கும் நேரத்துக்கு மட்டும் போதும், நாள் முழுக்கக் கட்டினால் தசைகள் தம் வேலையை விட்டுவிடும்.

சிறுநீர்க் கசிவைப் பற்றிப் பேசாமல் என்னால் இறங்க முடியாது. இருமினால், தும்மினால், சிரித்தால் துணி நனைகிறது. கணவரிடம் சொல்வதில்லை, அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. கோவிலுக்குப் போவதையும் கல்யாண வீட்டுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிற பெண்களை எனக்குத் தெரியும். 2020-இல் காக்ரேன் அமைப்பு 46 ஆய்வுகளையும் 10,832 பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. கசிவு இல்லாதவர்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இடுப்புத்தளப் பயிற்சியைத் தொடங்கினால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கசிவு வரும் ஆபத்து 62 சதவீதம் குறைகிறது என்றது. காசு செலவில்லாத, கருவி தேவையில்லாத ஒன்றுக்கு இவ்வளவு பலன் கிடைப்பது அரிது. செவிலியர் சகோதரிகளே, எடை பார்க்கிறீர்கள், இரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், ஹீமோகுளோபின் பார்க்கிறீர்கள். அதோடு இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இடுப்பு வலியால் தூக்கமோ நடையோ கெடுகிறதா? இருமினால் சிறுநீர் கசிகிறதா? நீங்கள் கேட்டால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள்.

அந்தத் தசையை வலுவாக்கினால் பிரசவத்தில் வழி இறுகிவிடாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் 301 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2004-இல் வந்த முடிவின்படி, குழந்தையை முக்கி வெளியேற்றும் கட்டம் நீண்டுபோனது பயிற்சி செய்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு, செய்யாதவர்களில் 38 சதவீதம் பேருக்கு. பிடிக்கத் தெரிந்த தசைக்கு விடவும் தெரிகிறது.

ஆனால் பயிற்சி செய்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் நடந்திருக்கின்றன. அதற்கான காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை ஒரு பெண்ணின் தசையில் இல்லை. ஒழுங்காகப் பயிற்சி செய்த பெண்ணுக்கும் சிசேரியன் ஆகலாம். அவள் எதிலும் தோற்றவள் அல்ல. ஒன்பது மாதம் பாரத்தைச் சுமந்த இடுப்புத்தளம் அவளுக்கும் உண்டு, அதோடு வயிற்றில் ஒரு வெட்டும் சேர்ந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகான பயிற்சி அவளுக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: அந்தக் காலத்தில் ஆட்டுக்கல்லில் அரைத்தோம், நெல் குத்தினோம், பிரசவம் தானாக நடந்தது என்று. அதில் உண்மை உண்டு. கேத்லீன் வான் என்ற ஆங்கிலேய மருத்துவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காஷ்மீரில் பணிசெய்தார். பர்தாவுக்குள் வெயில் படாமல் அடைந்து கிடந்த பெண்களின் எலும்பு மென்மையாகி, இடுப்பு நசுங்கி, பிரசவம் தடைப்படுவதைக் கண்டார். வெளியில் உழைத்த படகுக்காரப் பெண்களுக்கு அந்தத் துன்பம் இல்லை என்பதையும் கவனித்தார். 1928-இல் பர்தா முறையும் தாய்மையும் பற்றி அவர் புத்தகமே எழுதினார். வெயிலும் அசைவும் இடுப்புக்கு வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் பிரசவத்தில் செத்துப்போன பெண்களையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. காலை முதல் மாலை வரை செங்கல் சுமக்கிற, நாற்று நடுகிற கர்ப்பிணிக்கு இன்னும் வேலை கொடுப்பது வைத்தியமாகாது. அவளுக்கு வேண்டியது ஒருபக்கச் சுமை குறைவதும் ஓய்வும், நான் சொன்ன மூச்சும் பிடிப்பும்.

இப்போது என் பேச்சின் நடுநாயகமான செய்திக்கு வருகிறேன். இடுப்புப் பயிற்சி நேரடியாகச் சர்க்கரையைக் குறைக்காது, இரத்த அழுத்தத்தைக் குறைக்காது. ஆனால் இடுப்பு வலித்தால் பெண் நடப்பதை நிறுத்துகிறாள். நடை நின்றால் எடை ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது. வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கர்ப்பிணிகளுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. கனடாவில் மார்கி டேவன்போர்ட் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட கணக்கில், கர்ப்பத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு 38 சதவீதமும், கர்ப்பகால இரத்தக்கொதிப்பு 39 சதவீதமும் குறைவாக இருந்தன. நம்மைப் பொறுத்தவரை இது பெரிய விஷயம். சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் குழு தமிழ்நாட்டில் பார்த்து 2008-இல் வெளியிட்ட கணக்கில், கர்ப்பகால நீரிழிவு நகர்ப்புறத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9. இந்தப் பெண்களுக்கு "நட" என்று சொல்வது எளிது. வலியில்லாமல் நடக்க வழி செய்துவிட்டுச் சொல்ல வேண்டும். இடுப்பைக் கட்டிக்காக்கும் பயிற்சி அந்த வழியைத் திறந்துவிடுகிறது. தாயின் ஆரோக்கியத்தில் அதன் மிகப் பெரிய பங்கு அதுதான் என்பது என் முடிவு.

யார் செய்யக் கூடாது? இரத்தப்போக்கு உள்ளவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், குறைமாத வலி வந்தவர்கள், கருப்பை வாய்க்குத் தையல் போட்டவர்கள், கடும் இரத்தசோகையோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். எல்லா இடுப்பு வலியும் நான் சொன்ன வலி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். விட்டுவிட்டு ஒழுங்காக வருகிற வலி, நீர் கசிதல், காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், குழந்தையின் அசைவு குறைதல், கால் மரத்துச் சிறுநீர் தெரியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நினைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாகப் பிரசவத்துக்குப் பின். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வலி தானே அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது, மூன்று மூட்டுகளிலும் வலி இருந்தவர்கள்தான் மிக மெதுவாக மீண்டார்கள் என்று ஓடென்ஸ் ஆய்வு சொன்னது. அவர்களுக்கு நம்பிக்கை தரும் செய்தி நார்வேயிலிருந்து வந்தது. பிரசவத்துக்குப் பிறகும் இடுப்பு வலி தீராத 81 பெண்களை பிரிட் ஸ்டூகே இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான இயன்முறை சிகிச்சையும், மறு பிரிவுக்கு ஒவ்வொருவருக்கும் ஏற்ப அமைத்த உறுதிப்படுத்தும் பயிற்சியும் 20 வாரம் கொடுத்தார். பயிற்சி பெற்றவர்களுக்கு வலியும் முடக்கமும் தெளிவாகக் குறைந்தன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. இருபது வாரம் என்பதைக் கவனியுங்கள். ஒரு வாரம் செய்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று விட்டவர்கள் அதில் இல்லை.

சிக்கலில்லாத பிரசவம் என்றால் ஓரிரு நாளிலேயே, வலியில்லாத அளவுக்கு, மூச்சோடு சேர்ந்த இடுப்புத்தளப் பிடிப்பைத் தொடங்கலாம். சிசேரியன் என்றால் சிறுநீர்க் குழாய் எடுத்த பிறகு. பாலூட்ட உட்காரும் ஒவ்வொரு முறையும் நாலு முறை செய்தால் ஒரு நாளில் வேண்டிய அளவு சேர்ந்துவிடும். வயிற்றைச் சுற்றித் துணி கட்டுவது வழக்கமாக இருந்தால் கட்டுங்கள், ஆனால் மூச்சு முட்டவும் கீழே பாரம் இறங்கவும் இறுக்கிக் கட்ட வேண்டாம். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் நாளில் உங்கள் இடுப்பைப் பற்றியும் செவிலியரிடம் சொல்லுங்கள். மூன்று மாதம் கழிந்தும் புரண்டு படுக்க வலித்தால், துணி நனைந்தால், எங்களிடம் வாருங்கள்.

பயிற்சிகளை இப்போதே செய்து பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு இடப்பக்கமுள்ள அறைக்கு வரலாம். துணைக்கு வந்த அம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களும் செய்யலாம்.